எட்டு சைக்கிளை மிதித்து இரண்டு மணி நேரத் திரையிடல்: கணக்கு சரியா?

உப்பனாறு (கடலூர்) கேட்கிறார்:

காணும் பொங்கல் அன்று மாலை தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைப் பக்கம் குழந்தைகளுக்கான திரையிடல் நடத்த இருக்கிறோம். 150 பேர் வரலாம். டீசல் ஜெனரேட்டர் வேண்டாம், வந்தவர்களே முறை வைத்து சைக்கிள் மிதித்து மின்சாரம் எடுக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள்களும் பழைய 28 அங்குல சைக்கிள்களும் சேர்த்து எட்டு தயாராக உள்ளன.

நாங்கள் போட்ட கணக்கு: ஒருவர் 150 வாட் என்றால் எட்டுப் பேருக்கு 1200 வாட். தேவை: லேம்ப் புரொஜெக்டர் 280 வாட், ஆம்ப்ளிஃபயர் 250 வாட், லேப்டாப் 65 வாட், பழைய டியூப்லைட் பத்துக்குச் சோக்கோடு சேர்த்து 500 வாட். மொத்தம் 1095. கொஞ்சம் மிச்சமே இருக்கிறது. ஒவ்வொரு சைக்கிளுக்கும் பழைய கார் ஆல்டர்னேட்டர் ஒன்று மாட்டி, எல்லாவற்றையும் 12 வோல்ட்டில் சேர்த்து, வீட்டு இன்வர்ட்டர் வழியாக 230 வோல்ட் எடுக்கலாம் என்று இருக்கிறோம்.

எங்கே தவறு வரும்? வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று: பேட்டரி வைத்தால் "பேட்டரியில்தான் படம் ஓடுது, சைக்கிள் சும்மா" என்று சொல்லிவிடுவார்கள். பேட்டரி இல்லாமல் முடியுமா?

---

மின்கணக்கு (புதுச்சேரி):

வாங்குவதற்கு முன் கேட்டது நல்லது. கணக்கின் இரண்டு பக்கத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் மனிதர். 150 வாட்டை ஒரு மணி நேரம் விடாமல் கொடுப்பது சைக்கிள் பயிற்சி உள்ளவர்களின் வேலை. பழக்கமில்லாத பெரியவர் கால் மணி நேரம் நிதானமாக மிதித்தால் பெடலில் 75 வாட் வரும். எட்டாம் வகுப்புப் பையன் என்றால் 40, 50. அந்த 75-ம் முழுதாக ஒயருக்கு வராது. செயினில் கொஞ்சம், டயர் ரோலரை உருட்டுவதில் பத்தில் ஒரு பங்கு, மோட்டாரில் ஐந்தில் ஒரு பங்கு, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடில் கொஞ்சம் என்று போனபின் கையில் 50 வாட் நிற்கும். இந்த 50-ஐ வைத்தே திட்டமிடுங்கள். அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 20 பேர் ஒரு மணி நேரம் மிதிக்க வேண்டும். எட்டு சைக்கிளுக்கு 400 வாட், 1200 அல்ல.

ஆல்டர்னேட்டர் யோசனையைக் கைவிடுங்கள். அதன் உள்ளே காந்தம் கிடையாது. புலச் சுருளுக்கு நாமே மின்சாரம் கொடுத்துக் காந்தமாக்க வேண்டும். அதற்கே 20, 30 வாட் போகும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றைத் தாண்டினால்தான் உருப்படியாக ஏதாவது வரும். அப்போதும் உள்ளே போனதில் பாதிதான் வெளியே வரும். எஞ்சினுக்கு அது பொருட்டில்லை, மனிதக் காலுக்குப் பெரிய பொருட்டு. சைக்கிளில் பாட்டில் போல ஒட்டிக்கொண்டிருக்கும் டைனமோ வெறும் 3 வாட், அதையும் விட்டுவிடுங்கள்.

நிரந்தரக் காந்தம் உள்ள டி.சி. மோட்டார்தான் இதற்குச் சரி. சின்ன மின்ஸ்கூட்டரில் வரும் 24 வோல்ட் 250 வாட் பிரஷ் மோட்டார் (எம்.ஒய். 1016 என்று கேட்டால் தெரியும்) தாராளமாகக் கிடைக்கும். 12 வோல்ட்டுக்கு ஏன் 24 வோல்ட் மோட்டார் என்றால், ஆயிரம் சுற்றுக்கு அது சுமார் 7.3 வோல்ட் தரும். மனிதன் மிதிக்கும் வேகத்தில் 2000 முதல் 2300 சுற்று எளிதாகக் கிடைக்கும், அதில் 12 வோல்ட் பேட்டரிக்குத் தேவையானது வந்துவிடும்.

மின்சைக்கிளின் ஹப் மோட்டார் யாராவது இலவசமாகக் கொடுத்தால் முதலில் கையால் இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள். உள்ளே கியர் வைத்த வகையில் ஒருவழிக் கிளட்ச் இருக்கும், அது மின்சாரம் தராது. கியர் இல்லாத வகை தரும். ஆனால் மூன்று ஒயர் வரும், அதை டி.சி.யாக மாற்ற மூன்று ஃபேஸ் ரெக்டிஃபயர் வேண்டும்.

இப்போது செலவுப் பக்கம். இங்கேதான் நீங்கள் ஜெயிக்க முடியும். 500 வாட் டியூப்லைட்டுக்குப் பதில் 12 வோல்ட் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஆறு. படம் ஓடும்போது அதிலும் இரண்டு போதும், 18 வாட். லேம்ப் புரொஜெக்டருக்குப் பதில் 100 வாட் எல்.இ.டி. புரொஜெக்டர். படத்தைப் பென் டிரைவில் போட்டு நேரே புரொஜெக்டரில் செருகினால் லேப்டாப்பே வேண்டாம். ஆம்ப்ளிஃபயரில் எழுதியிருக்கும் 250 வாட் உச்சத்துக்கு. பேச்சும் பாட்டும் கலந்து ஓடும்போது சராசரி அதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போவது அரிது. 30 வாட் வைத்துக்கொள்ளலாம். இன்வர்ட்டர் தன் பங்குக்கு 20 விழுங்கும்.

100 + 30 + 18 + 20 = 168 வாட். நாலு பேர் ஒழுங்காக மிதித்தாலே ஓடும். ஆறு சைக்கிளை ஓட்டத்தில் வையுங்கள், இரண்டை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

லேத்துப்பட்டறை (கடலூர் முதுநகர்):

இரும்பு வேலைப் பக்கம் சொல்கிறேன்.

சைக்கிளோடு வரும் ஸ்டாண்டு பின்சக்கரத்தைத் தூக்குகிறதே என்று அதையே நம்பாதீர்கள். நின்று அழுத்தி மிதித்தால் ஸ்டாண்டு முன்னால் மடங்கும், வண்டியோடு ஆள் விழுவார். 40 × 40 × 3 எம்.எம். எல் ஆங்கிளில் தனிச் சட்டம் பண்ணுங்கள். இரண்டு பக்கமும் முக்கோணக் கால்; அடி அகலம் 60 செ.மீ.க்குக் குறையக் கூடாது, நீளம் 90. பின் ஆக்சில் நட்டைக் கழற்றி, சட்டத்தில் வெட்டிய காடியில் ஆக்சிலை வைத்து அதே நட்டால் இறுக்க வேண்டும். மணலிலோ மண்தரையிலோ வைப்பதானால் அடியில் 18 எம்.எம். பிளைவுட், 3 அடிக்கு 2 அடி. முன்சக்கரத்துக்கும் அதே உயரத்தில் கட்டை கொடுங்கள், இல்லாவிட்டால் மிதிப்பவர் முன்னால் சரிந்துகொண்டே இருப்பார்.

ரோலர் விட்டம்தான் முக்கியம். முதலில் உங்கள் சைக்கிளில் பல்லை எண்ணுங்கள். முன்னால் 44, பின்னால் 18 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2.44 சுற்று. நிமிடத்துக்கு 60 மிதிக்குச் சக்கரம் 147 சுற்று. 28 அங்குல டயரின் வெளி விட்டம் ஏறக்குறைய 711 எம்.எம். ரோலர் 45 எம்.எம். என்றால் 15.8 மடங்கு, மோட்டார் 2320 சுற்று போகும். மேலே சொன்ன 7.3 கணக்கில் 16.9 வோல்ட், சுமை இல்லாமல். இது சரியான இடம். 26 அங்குல சக்கரம் என்றால் ரோலரை அதே விகிதத்தில் சிறிதாக்க வேண்டும். எல்லா சைக்கிளுக்கும் ஒரே ரோலர் கடைந்தால் சின்னச் சக்கரத்தில் உட்காருபவர் தனியாக வேகமாக மிதித்துக்கொண்டிருப்பார், காரணம் யாருக்கும் புரியாது.

ரோலரை வழவழப்பாகவே விடுங்கள். பிடிமானத்துக்கு என்று நர்லிங் (சொரசொரப்பான வரி வெட்டு) போடச் சொல்வார்கள், அது அரம் மாதிரி டயரைத் தின்றுவிடும். அலுமினியமோ நைலானோ போதும். மோட்டார் தண்டு 8 எம்.எம்.; துளை இறுக்கமாக இருக்கட்டும். கிரப் ஸ்குரூ (தலையில்லாத ஸ்குரூ) இரண்டு, ஒன்றுக்கொன்று 90 டிகிரியில், தண்டில் தட்டையாக ராவிய இடத்தில் உட்கார வேண்டும். ஒரே ஸ்குரூ போட்டால் அரை மணியில் கழன்றுவிடும். ரோலர் மோட்டார் முகத்தை ஒட்டியே இருக்கட்டும். தள்ளிப் போகப் போக பேரிங் மேல் நெம்புகோல் போல் பாரம் விழும்.

மோட்டாரைச் சட்டத்தில் இறுக்கிப் போல்ட் போடாதீர்கள். கதவுக் கீல் ஒன்றில் மாட்டி, பழைய டியூப் ரப்பரால் டயர் பக்கம் இழுத்துக் கட்டுங்கள். ரிம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ரோலர் கூடவே ஏறி இறங்கும். இழுப்பு எவ்வளவு? சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ரோலரைக் கையால் திருப்பிப் பாருங்கள். வழுக்கினால் போதாது. வழுக்காத அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் இறுக்குவதெல்லாம் டயரைச் சூடாக்கத்தான். டயரில் காற்று 45 பவுண்டு. காற்று குறைந்தால் மிதிப்பது கனக்கும், மின்சாரமும் வராது. "மோட்டார் சரியில்லை" என்று வரும் புகாரில் பாதிக்கு மேல் இதுதான்.

ரோலரும் டயரும் சந்திக்கும் இடத்தைக் கம்பி வலையாலோ பிளைவுட்டாலோ முழுக்க மூடுங்கள். துப்பட்டா, வேட்டி, சேலை எதுவும் வரும் நாள் அது. போக்ஸ் கம்பிக்கும் இரண்டு பக்கமும் அட்டை. சுற்றிலும் குழந்தைகள் நிற்பார்கள், விரலை விட்டுப் பார்க்காத குழந்தை கிடையாது.

---

உப்பனாறு:

பல்லை எண்ணிப் பார்த்தோம்: 44-க்கு 18 தான். இரண்டு சைக்கிள் மட்டும் 26 அங்குலம். ரோலரைத் தனியாகக் கடையச் சொல்கிறோம், நன்றி அண்ணா.

பேட்டரி கேள்விக்கு யாராவது சொல்லுங்களேன். ஆறு மோட்டாரையும் எப்படிச் சேர்ப்பது? நேராக இணைத்தால் போதுமா?

---

சுண்ணாம்பாறு (புதுச்சேரி):

பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர் வையுங்கள் என்பேன். 2.7 வோல்ட் 500 ஃபாரட் ஆறு வரிசையில் போட்டால் 16 வோல்ட், 83 ஃபாரட். சேமிப்பு மிகக் குறைவு என்பதால் "பேட்டரி ஓட்டுது" என்ற பேச்சுக்கே இடமில்லை. மிதிப்பதை நிறுத்தினால் விளக்கு மங்குவதைக் குழந்தைகள் கண்ணால் பார்ப்பார்கள். அதைவிடத் தெளிவான அறிவியல் பாடம் கிடையாது.

இரண்டு எச்சரிக்கை. ஆறு கெப்பாசிட்டரும் சமமாக ஏற பேலன்ஸ் போர்டு கட்டாயம் வேண்டும், ஒன்று மட்டும் 2.7-ஐத் தாண்டினால் வீங்கிப் போகும். காலியான கெப்பாசிட்டர் ஷார்ட் சர்க்யூட் போலத்தான் நடந்துகொள்ளும். முதல் முறை ஏற்றும்போது கார் ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு மெதுவாக ஏற்றுங்கள்.

---

மின்கணக்கு:

சுண்ணாம்பாறு சொல்வது பல்பு எரித்துக் காட்டும் கண்காட்சிக்கு மிகப் பொருத்தம். திரையிடலுக்கு ஒத்துவராது என்பது என் கருத்து, காரணம் எண்ணில் இருக்கிறது. 83 ஃபாரட்டை 15 வோல்ட்டிலிருந்து 11-க்கு இறக்கினால் கிடைப்பது சுமார் 4300 ஜூல். 168 வாட் சுமைக்கு அது 25 வினாடி. முறை மாறும் நேரத்தில் நாலு பேர் ஒன்றாக இறங்கினால் இன்வர்ட்டர் 10.5 வோல்ட்டில் கட் ஆகும், புரொஜெக்டர் அணைந்து மறுபடி எழுந்து படத்தை முதலிலிருந்து தேடவேண்டி வரும். 150 குழந்தைகளை வைத்துக்கொண்டு இது இரண்டு முறை நடந்தால் போதும், கூட்டம் கலைந்துவிடும்.

உப்பனாறு, உங்கள் பேட்டரிச் சங்கடத்துக்கு வழி உண்டு. பெரிய இன்வர்ட்டர் பேட்டரி வைக்காதீர்கள். 150 ஆம்பியர்-மணி பேட்டரி தனியாகவே முழுப் படத்தையும் ஓட்டிவிடும், சந்தேகப்படுகிறவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். யு.பி.எஸ்.ஸில் வரும் 12 வோல்ட் 26 ஆம்பியர்-மணி மூடிய லெட் ஆசிட் போதும். அதைப் பாதிவரைதான் இறக்கலாம் என்றால், யாருமே மிதிக்காவிட்டாலும் முக்கால் மணி நேரம் தாங்கும். முறை மாறும் இடைவெளிக்கு அது தாராளம், முழுப் படத்துக்கு அது போதவே போதாது.

கணக்கை வெளிப்படையாகக் காட்டுங்கள். 100 ஆம்பியர் ஷண்ட் (ஆம்பியரை அளக்க உதவும் பட்டை) வைத்த டி.சி. வாட் மீட்டர் இரண்டு: ஒன்று சைக்கிள்களிலிருந்து வரும் பக்கம், ஒன்று சுமைக்குப் போகும் பக்கம். இரண்டையும் பூஜ்யத்தில் தொடங்கி, பெரிய பலகையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். இரண்டேகால் மணி நேரத்துக்குச் சுமை சுமார் 380 வாட்-மணி. வந்தது அதைவிடக் கூடுதலாக இருந்தால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. கூடுதல் ஏன் என்றால், பேட்டரிக்குள் போய் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு தொலையும்.

இனி இணைப்பு. நேராக இணைத்தால் போதாது. ஒவ்வொரு மோட்டாரின் பாசிட்டிவ் ஒயரிலும் ஒரு ஷாட்கி டயோடு, 20 ஆம்பியர் 45 வோல்ட், சின்ன அலுமினியத் தகட்டில். இது இல்லாவிட்டால் ஒருவர் மிதிப்பதை நிறுத்தியதும் பேட்டரி அவருடைய மோட்டாரைச் சுற்ற ஆரம்பிக்கும், ஆள் இறங்கிய பிறகும் பின்சக்கரம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். சாதா டயோடு 0.7 வோல்ட்டுக்கு மேல் விழுங்கும், ஷாட்கி 0.45-ல் முடியும். டயோடுக்குப் பின் 15 ஆம்பியர் கார் ஃப்யூஸ், 10 ஆம்பியர் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று ஹேண்டில்பாரில். பிறகு 4 ஸ்கொயர் (சதுர எம்.எம்.) ஒயரில், நடுவே எல்லா ஒயரும் சேரும் உலோகப் பட்டையான பஸ்பாருக்கு. ஐந்து மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் ஒயர் போட்டால், போக வர 10 மீட்டரில் 6 ஆம்பியருக்கு 0.8 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 4 ஸ்கொயரில் 0.3 தான். 12 வோல்ட்டில் அரை வோல்ட் என்பது பெரிய தொகை.

பிளக் விஷயத்தில் ஒரு பிடிவாதம் வேண்டும்: டி.சி. பக்கம் வீட்டு மூன்று பின் பிளக்கைப் பயன்படுத்தவே கூடாது. அவசரத்தில் யாராவது அதை 230-ல் செருகிவிடுவார்கள். ஆண்டர்சன் வகை 50 ஆம்பியர் கனெக்டர் போடுங்கள்.

மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு மோட்டாரையும் சைக்கிளில் வைத்து முன்னோக்கி மிதித்து மல்டிமீட்டரில் பாருங்கள். ரோலர் சுற்றும் திசையைப் பொறுத்துச் சிவப்பு ஒயர் நெகட்டிவாகவும் வரலாம். நிறத்தை நம்பி இணைத்து ஏன் ஆம்பியர் வரவில்லை என்று தேட வேண்டாம். டயோடு தடுத்துவிடும், எதுவும் எரியாது, எதுவும் வராது.

இதில் மிதிப்பவருக்கு எப்படி இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும், முதல்முறை எல்லோரும் குழம்புவது இங்கேதான். மோட்டார், ஒயர் சேர்த்து மின்தடை 0.4 ஓம், பேட்டரி 13 வோல்ட் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 47 மிதி வரை ஒன்றும் வராது, காற்றில் மிதிப்பது போல இருக்கும். 50-ல் 1.6 ஆம்பியர், 20 வாட். 55-ல் 5 ஆம்பியர், 65 வாட். 60-ல் 8.6 ஆம்பியர், 110 வாட்டுக்கு மேல். அதாவது ஐந்து மிதி கூடினால் சுமை 45 வாட் ஏறிவிடும். வேகமாக மிதித்தால் நிறைய வரும் என்று தொடங்குகிறவர் இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கி இறங்குவார். ஆகவே "வேகமா மிதி" என்று மைக்கில் கத்தாதீர்கள். "மீட்டரில் 4 வரட்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். 4 ஆம்பியர் என்றால் 52 வாட். குழந்தைகளுக்கு 2 போதும்.

---

கெடிலம் (கடலூர் மஞ்சக்குப்பம்):

மிதிக்கும் கனத்தைச் சமாளிக்க ஒவ்வொரு சைக்கிளுக்கும் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்ட் கன்வர்ட்டர் போட்டால் என்ன, எந்த வேகத்திலும் 13.8 வோல்ட் நிலையாக வருமே?

---

மின்கணக்கு:

கேட்கச் சரியாகத் தோன்றும், காலுக்குக் கெடுதல். வெளியே அதே வாட்டைக் கொடுக்க வேண்டும் என்பதால், மிதிப்பவர் சற்றுத் தளரும்போது கன்வர்ட்டர் உள்ளே இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த நேரத்தில் பெடல் இன்னும் கனக்கும், அதனால் இன்னும் தளர்வார், கடைசியில் சக்கரம் நின்றுவிடும். நேரே பேட்டரியில் இணைத்தால் எதிர்மாறு: தளர்ந்தால் சுமையும் தானே விலகும். தளர்ந்தவருக்கு இடம்கொடுக்கிற ஏற்பாடுதான் பொதுக்கூட்டத்துக்குச் சரி.

இன்னொரு ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், கருவிகள் எரிவது இதனால்தான். படம் முடிந்தது, புரொஜெக்டரை அணைத்துவிட்டார்கள், ஆறு பேரும் உற்சாகத்தில் மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள். பேட்டரி நிறைந்திருந்தால் வோல்டேஜ் 14.4-ஐத் தாண்டி ஏறும். பேட்டரி ஃப்யூஸ் போனாலோ, லித்தியம் பேட்டரி வைத்திருந்து அதன் காவல் போர்டு (பி.எம்.எஸ்.) "நிறைந்தது" என்று துண்டித்தாலோ இன்னும் மோசம். பிடித்துவைக்க எதுவும் இல்லாததால் பஸ்பாரில் ஒரே நொடியில் 17 வோல்ட், வேகமாக மிதித்தால் 30 வோல்ட் வரை போகும். இன்வர்ட்டரும் ஆம்ப்ளிஃபயரும் அதோடு சரி. மூடிய லெட் ஆசிட்டை நான் சொன்னதற்கு இதுவும் காரணம்.

தடுப்பு எளிது. 12 வோல்ட் 55 வாட் ஹாலோஜன் ஹெட்லைட் பல்பு நாலு, வோல்டேஜைப் பார்த்து ரிலே போடும் சிறு போர்டு ஒன்று. 14.4-ல் எரிய வேண்டும், 13.6-ல் அணைய வேண்டும். நாலும் சேர்ந்து 18 ஆம்பியர் குடிக்கும். போர்டில் உள்ள சின்ன ரிலே அதைத் தாங்காது, 40 ஆம்பியர் கார் ரிலே ஒன்றை இயக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். இந்தப் பல்புகள் பஸ்பாரில் இணைய வேண்டும், பேட்டரி ஃப்யூஸுக்கு அந்தப் பக்கம் அல்ல. இல்லாவிட்டால் ஃப்யூஸ் போகும்போது இதுவும் சேர்ந்து போய்விடும். பல்பு எரிந்தால் மிதிப்பவர்களுக்கும் புரியும்: போதும், கொஞ்சம் ஓய்வெடுக்கலாம்.

---

கெடிலம்:

தெளிவாகிவிட்டது. இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

மணல்மேல் வேண்டாம், உப்பனாறு. உப்புக் காற்றும் மணலும் ரோலரில் சேர்ந்தால் டயர் வழுக்கும். பிரஷ் மோட்டாரின் காற்றுத் துளை வழியாக மணல் உள்ளே போனால் கரிக்கட்டையும் கம்யூட்டேட்டரும் தேய்ந்துவிடும். அதைவிட முக்கியம், ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம். கடலைப் பார்த்து எரியும் ஹாலோஜன் பல்பு தாயையும் குஞ்சையும் திசை தவறச் செய்யும். சாலைக்கு இந்தப் பக்கம் ஊருக்குள் உள்ள திடலுக்கு மாற்றுங்கள், வெளிச்சம் எதுவும் கடல் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரை 8 அடிக்கு 4½ அடி போதும். அது 36 சதுர அடி. 500 ஆன்சி லூமென் (தர முறைப்படி அளந்த வெளிச்சம்) புரொஜெக்டர் என்றால் சதுர அடிக்கு 14 லூமென் விழும், திரையரங்கு வெளிச்சமும் ஏறத்தாழ அவ்வளவுதான். பெட்டிமேல் "9000 லூமென்" என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள், ஆன்சி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நிலா வெளிச்சம் கெடுக்காது, பக்கத்தில் ஹைமாஸ் விளக்கு இருந்தால் எந்தப் புரொஜெக்டரும் தோற்கும். ஜனவரியில் ஆறு மணிக்குச் சூரியன் மறைந்துவிடும், ஏழுக்குத் தொடங்கலாம்.

கடற்காற்று திரையைப் பாய்மரமாக்கும். வினாடிக்கு 8 மீட்டர் காற்றில் இந்தத் திரைமேல் 15 கிலோ அளவுக்குத் தள்ளும். சவுக்குக் கம்பு இரண்டை இரண்டடி ஆழம் புதைத்து, முன்னும் பின்னும் கயிறு இழுத்துக் கட்டுங்கள். நம் பக்கம் சவுக்குக்கா பஞ்சம்!

ஒலிக்கு: 12 வோல்ட்டிலேயே ஓடும் பி.ஏ. ஆம்ப்ளிஃபயர் வாடகைக்குக் கேளுங்கள், பின்பக்கம் பேட்டரி முனை இருக்கும். இன்வர்ட்டர் இழப்பு மிச்சம். வாட் கூடிய பெட்டியைத் தேடாமல் உணர்திறன் கூடிய பெட்டியைத் தேடுங்கள்: 1 வாட்டுக்கு 98 டெசிபல் தரும் பெட்டி, 88 தரும் பெட்டியைவிட அதே சத்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் கேட்கும். அதற்காகக் கூம்பு ஒலிபெருக்கிக்குப் போகாதீர்கள், காவல்துறை அனுமதி கிடைப்பது கஷ்டம், வசனமும் கரகரக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி, அதற்குள் முடியும்படி வையுங்கள்.

---

லேத்துப்பட்டறை:

மிதிப்பவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒருவர் 75 வாட் மிதிக்கும்போது உடம்பு 250 வாட்டுக்கு மேல் சூடாக வெளியே விடுகிறது. ஆறு பேர் என்றால் ஒன்றரைக் கிலோவாட் ஹீட்டர் மாதிரி. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது. சைக்கிள்களைச் சுவர் ஓரம் அடுக்காமல், காற்று வரும் பக்கம் ஒன்றுக்கொன்று நாலடி தள்ளி வையுங்கள். ஒரு முறை 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டேகால் மணிக்கு ஒன்பது முறை, ஆறு சைக்கிளுக்கு 54 இருக்கை. ஒருவர் இரண்டு தடவை உட்கார்ந்தால் 27 பேர் தேவை. பெயர்ப் பட்டியலை முதல் நாளே எழுதிவிடுங்கள். ஆறு பேரையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் இரண்டரை நிமிடத்துக்கு ஒருவராக மாற்றினால் மீட்டர் அசையாது. நீர்மோரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.

சீட்டு உயரம் மாற்ற ஒரு ஆள் ஸ்பேனரோடு நிற்க வேண்டும். சீட்டு தாழ்வாக இருந்தால் முட்டிதான் முதலில் வலிக்கும்.

---

உப்பனாறு:

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டோம்: ஆறு சைக்கிள், இரண்டு மாற்று, எம்.ஒய். 1016 மோட்டார், 26 ஆம்பியர்-மணி பேட்டரி, ஆம்ப்ளிஃபயரும் விளக்கும் நேராக 12 வோல்ட்டில், புரொஜெக்டர் மட்டும் இன்வர்ட்டரில். இடம் திடலுக்கு மாறுகிறது. இன்வர்ட்டர் சைன் வேவ்தான் வேண்டுமா? தரை ஈரமாக இருக்கும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டால் பாதுகாப்பா?

---

மின்கணக்கு:

சைன் வேவே வையுங்கள். ஸ்கொயர் வேவில் புரொஜெக்டர் ஓடினாலும் ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல் ஏறும். 300 வாட் போதும். பெரிய இன்வர்ட்டர் சும்மா இருக்கும்போதே அதிகம் குடிக்கும்.

ஆர்.சி.சி.பி. பற்றிக் கவனம். இன்வர்ட்டர் வெளியீட்டின் இரண்டு ஒயரும் பூமியோடு தொடர்பில்லாமல் மிதக்கின்றன. அந்த நிலையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டாலும் அது துண்டிக்காது. டெஸ்ட் பட்டன் மட்டும் வேலை செய்து நம்பிக்கை கொடுக்கும். ஒரு முனையை எர்த் கம்பியோடு சேர்த்தால்தான் துண்டிக்கும், ஆனால் எல்லா இன்வர்ட்டரிலும் அப்படிச் சேர்க்கக் கூடாது, சிலது எரிந்துவிடும். அந்த மாடலின் கையேட்டில் இருந்தால் மட்டும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். இல்லையென்றால் 230 வோல்ட்டை ஒரே மேசைக்குள் அடக்குங்கள்: காய்ந்த மரமேசை, மேலே இன்வர்ட்டர், அதன் பக்கத்திலேயே புரொஜெக்டர், நடுவே ஒரு மீட்டர் ஒயர். எக்ஸ்டென்ஷன் போர்டு கிடையாது, தரையில் 230 ஒயர் கிடையாது. மேசையைச் சுற்றிக் கயிறு கட்டி ஒருவரை நிறுத்துங்கள்.

---

லேத்துப்பட்டறை:

ஒத்திகை போகிக்கு முன்பே நடக்கட்டும். பொங்கல் நாளில் ஒரு ஃப்யூஸ் வாங்கக்கூடக் கடை திறந்திருக்காது. முழுச் சுமையும் போட்டு அரை மணி ஓட்டி நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு கிரப் ஸ்குரூவையும் மறுபடி இறுக்குங்கள். மோட்டார், டயோடு, கனெக்டர், பஸ்பார் போல்ட் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத அளவு சுடும் இணைப்பு எதுவோ அதுதான் லூசாக இருக்கிறது. கூடுதலாக 15 ஆம்பியர் ஃப்யூஸ் பத்து, டயோடு இரண்டு, டியூப் இரண்டு, ரோலர் மாட்டிய மோட்டார் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். சட்டம் வெல்டிங் முடிந்ததும் ஆக்சில் காடியின் படத்தைப் போடுங்கள் தம்பி, அளவைப் பார்த்துச் சொல்கிறேன்.